லிஃப்ட் பண்ணின வண்டிக்கு ஆல் டெரெய்ன் டயர்: ரெண்டு செட் ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்

வண்டி ரெண்டு இன்ச் லிஃப்ட் பண்ணினது, அதாவது உயர்த்தினது. தினமும் ஆபீசுக்குப் போறதும் அதுலதான், லீவு கெடச்சா மண் பாதை, மணல், கல்லுக்காடுன்னு போறதும் அதுலதான். இதுவரைக்கும் ரெண்டு செட் ஆல் டெரெய்ன் டயர் (ஏடி, ரோடு, மண் ரெண்டுக்கும் ஆனது) ஓட்டியாச்சு, மொத செட் எல்டி, அதாவது லைட் டிரக் ரகம், லோடு ரேஞ்ச் இ (சி, டி, இன்னு எழுத்து போகப் போக தாங்கற எடை கூடும்). இப்போ இருக்கறது அதே 265/70 ஆர்17 சைஸ்தான் (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதுல 70 சதவீதம், ரிம் 17 இன்ச்), ஆனா எஸ்எல், அதாவது ஸ்டாண்டர்ட் லோடு. சைஸ் மாறல, வண்டி மட்டும் வேற வண்டி மாதிரி ஆயிடுச்சு. டயர் வாங்கப் போறவங்க கம்பெனி பேரைப் பத்தியே மாஞ்சு மாஞ்சு பேசறாங்க, சைஸ் பக்கத்துல இருக்கற ரெண்டு எழுத்தை யாரும் பாக்கறதில்ல, அதனாலதான் எழுதறேன்.

ஃபால்கன் வைல்ட்பீக், யோகோஹாமா ஜியோலேண்டர், டோயோ ஓபன் கன்ட்ரி இதெல்லாம் ஒரே பேர்ல எஸ்எல்லும் வரும், எல்டியும் வரும். பேரும் பட்டன் (ரோட்டைத் தொடற ரப்பர் கட்டை) டிசைனும் ஒண்ணா இருக்கும், உள்ள இருக்கற கட்டுமானம் வேற. கூப்பர்காரங்க டிஸ்கவரர் ஏடி3ல இதைப் பேர்லயே பிரிச்சு 4எஸ், எல்டி, எக்ஸ்எல்டின்னு போட்டிருந்தாங்க, அது வாங்கறவனுக்கு நல்லது. எஸ்எல்ல என் சைஸுக்கு லோடு இன்டெக்ஸ் 115, அப்படின்னா ஒரு டயர் 1215 கிலோ தாங்கும். எல்டி இ ரேஞ்ச்ல 121, அது 1450 கிலோ. நாலு டயருக்குக் கூட்டிப் பாருங்க, எஸ்எல்லே 4860 கிலோ ஆச்சு, என் வண்டி ஆளு சாமான் எல்லாம் ஏத்தினாலும் அதுல பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அப்புறம் எதுக்கு எனக்கு இ ரேஞ்ச், அதாவது 10 பிளை ரேட்டிங்? மொத தடவை இந்தக் கணக்கை நான் போடவே இல்ல, "ஆஃப்ரோடு போறீங்கன்னா இ ரேஞ்ச்தான் சார்"னு ஒருத்தர் சொன்னாரு, வாங்கிட்டேன்.

அந்த செட் மாட்டின அன்னைக்கே ஆரம்பிச்சது. மாட்டின எடத்துல 60 பிஎஸ்ஐ அடிச்சு விட்டாங்க, கேட்டா டயர்லயே 80 வரைக்கும் போட்டிருக்குங்கறாங்க. அந்த 80ங்கறது டயர் தாங்கற உச்சம், ஓட்டற பிரஷர் இல்ல. ரோட்ல ஒரு சின்ன ஒட்டு வந்தாக்கூட ஸ்டீயரிங் வழியா கைக்கு வருது, பின்னாடி உக்காந்தவங்க தலைய பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. நாலாவது நாள் சாக்பீஸ் எடுத்து டயர் மேல இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் தடிமனா ஒரு கோடு போட்டேன், காலி ரோட்ல நேரா ஒரு நூறு மீட்டர் ஓட்டி இறங்கிப் பாத்தா நடுவுல மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அழிஞ்சிருக்கு, ரெண்டு ஓரத்துலயும் கோடு போட்டது போட்டபடி வெள்ளையா நிக்குது. அவ்வளவு அகல டயர் வாங்கிட்டு அதுல பாதிலதான் ஓடிட்டு இருந்திருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா எறக்கி 44ல வச்சதும் கோடு முழுசா அழிஞ்சது. அதுக்காக வண்டி கம்பெனி ஸ்டிக்கர்ல இருக்கற 32க்கு எறக்கிடக் கூடாது, அது எஸ்எல் ரக டயருக்கான நம்பர், எல்டி அதே எடையத் தூக்க கூடுதல் காத்து வேணும், எவ்வளவு காத்துக்கு எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற லோடு டேபிளைப் பாத்துட்டுத்தான் எறக்கணும்.

44லயும் சொகுசுன்னு சொல்ல முடியல. எடையும் ஒரு காரணம், கழட்டும்போது தராசுல வச்சுப் பாத்தேன், இப்போ இருக்கறதை விட ஒரு டயருக்கு கிட்டத்தட்ட நாலு கிலோ கூட. இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழ இருக்கற எடை, ஒவ்வொரு குழியிலயும் ஷாக் அப்சார்பர்தான் அதை அடக்கணும், ஒவ்வொரு சிக்னல்லயும் எஞ்சின் அதை சுத்த ஆரம்பிக்கணும், பிரேக் அதை நிறுத்தணும். ஆனா என்னை உண்மையிலயே பயமுறுத்தினது மழைதான். லிஃப்ட் பண்ணின வண்டிக்கு வெயிட் மேல இருக்கு, பட்டனோ பெரிய பெரிய கட்டையா அதுல கீறலே கம்மியா, ஈர ரோட்ல பெயின்ட் கோட்டு மேல பிரேக் அழுத்தினா ஏபிஎஸ் கடகடன்னு அடிச்சுட்டு வண்டி நிக்காம போகுது. வாரத்துல அஞ்சு நாள் நம்ம வண்டி இருக்கறது தார் ரோட்லதான், அங்க நிக்காத டயர் பாறையில எவ்வளவு ஏறினா என்ன.

அதனால ரெண்டாவது தடவை கடையில பட்டனைக் கிட்ட வச்சுப் பாத்தேன். சைப்னு சொல்ற அந்த மெல்லிசு கீறல் எத்தனை இருக்கு, மேல்தோல்ல மட்டும் இருக்கா, ஆழமா போகுதான்னு நகத்தை விட்டே பாக்கலாம். மலை படத்துக்குள்ள பனிப்பூ சின்னம் இருக்கான்னும் பாத்தேன், வெறும் எம்+எஸ் (மட் அண்ட் ஸ்னோ) எழுத்து பட்டன் அமைப்பை மட்டும்தான் சொல்லும், மலைச் சின்னம் பனியில டெஸ்ட் பண்ணி பாஸ் ஆனாத்தான் கெடைக்கும். கடைசியா எடுத்தது வைல்ட்பீக் ஏடி3டபிள்யூ எஸ்எல். சைப் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கற மாதிரி வளைஞ்சு போகுது, பிரேக் அடிக்கும்போது பட்டன் ஆடல, மழையில வித்தியாசம் மொத வாரமே தெரிஞ்சது. 35 பிஎஸ்ஐ வச்சு ஓட்டறேன், வீட்ல இருக்கறவங்க இப்போ நிம்மதியா தூங்கிட்டு வர்றாங்க. சத்தம்? எந்த ஏடி டயருக்கும் 60க்கு மேல ஒரு ரீங்காரம் இருக்கும், ரோடு டயர்லேர்ந்து மாறினா மைலேஜும் குறையும், அது தெரிஞ்சுதான் வாங்கணும்.

மணல்ல 18 பிஎஸ்ஐக்கு எறக்கினா எஸ்எல் அழகா பரந்து உக்காருது, இ ரேஞ்ச் சைடுவால் (பக்கச் சுவர்) அவ்வளவு சுலபமா மடங்காது. சேறு மட்டும் ஏடிக்கு ஒத்து வராது, பட்டன் நடுவுல அப்பிக்கிட்டா மொழு மொழுன்னு ஆயிடும். கூர் கல்லு பாதையே உங்க வாழ்க்கைன்னா, இல்ல டிரெய்லர் இழுக்கறீங்கன்னா எல்டிதான் சரி, அதுலயும் சி ரேஞ்ச் கெடைச்சா மொதல்ல அதைப் பாருங்க, இ ரேஞ்ச் கடைசி.

சைஸ் விஷயம். வண்டியோட வந்த கம்பெனி சைஸ் 265/65, அதை 70 ஆக்கினா டயர் உயரம் 776 மில்லிமீட்டர்லேர்ந்து 803 ஆகும், ஆனா வண்டி உயர்றது அதுல பாதிதான், 13 மில்லிமீட்டர் சொச்சம். மீட்டர் 100 காட்டும்போது கணக்குப்படி 103 கிட்ட போவீங்க. லிஃப்ட் இருக்கே, இடிக்காதுன்னு நெனைக்காதீங்க, நேரா நிக்கும்போது இடிக்காது, ஸ்டீயரிங் முழுசா ஒடிச்சு ரிவர்ஸ்ல ஒரு மேட்டுல ஏறும்போதுதான் மட் ஃபிளாப் பக்கம் சர்ருனு உரசும். எனக்கு உள் லைனர்ல ரெண்டு விரல் அகலம் வெட்ட வேண்டியிருந்தது.

அப்புறம் அலைன்மென்ட். லிஃப்ட் போட்டதும் காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பற அச்சோட சாய்வு, குறையுது, வண்டி நேரா போகாம அலையும், டயர் சரியில்லன்னு டயரைத் திட்டுவோம். நான் காஸ்டரை சரி பண்ணினதும் பாதி பிரச்சனை போயிடுச்சு. மாசத்துக்கு ஒரு தடவை உள்ளங்கைய டயர் மேல முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை தடவிப் பாருங்க, ஒரு பக்கம் வழவழன்னும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் இருந்தா உடனே ரொட்டேஷன் பண்ணுங்க, அதாவது டயர்களை எடம் மாத்துங்க, விட்டா அந்த ரம்பம்தான் சத்தமா மாறும். நான் 8000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஸ்டெப்னியையும் சேத்து அஞ்சையும் மாத்தறேன்.

ஆமா, அஞ்சு டயரும் சேத்தே வாங்குங்க. பழைய சைஸ் ஸ்டெப்னி 27 மில்லிமீட்டர் சின்னது, அதை மாட்டி ஓட்டினா ரெண்டு பக்க சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியல் நிக்காம வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். மாட்டறதுக்கு முன்னாடி அஞ்சுலயும் சைடுவால்ல இருக்கற டாட் நம்பரோட கடைசி நாலு இலக்கம் பாருங்க, மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 0724ன்னா 2024ல ஏழாவது வாரம். எனக்கு வந்த அஞ்சுல நாலு ஒரே தேதி, ஒண்ணு மட்டும் ரெண்டு வருஷம் பழசு, ரிம்ல ஏத்தறதுக்கு முன்னாடியே காட்டினேன், உடனே வேற எடுத்துக் குடுத்தாங்க.