இரு சக்கரத்திலிருந்து நான்கு சக்கரத்துக்கு: சர்டீஸ், ஹெயில்வுட், ரோசி – யார் போன வழி சரி?

மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் உலகப் பட்டம், ஃபார்முலா ஒன்னிலும் உலகப் பட்டம். இரண்டையும் வாங்கியவர் இன்று வரை ஒரே ஒருவர்தான், ஜான் சர்டீஸ். 1964ல் அவர் செய்து காட்டியதை அதற்குப் பிறகு யாராலும் செய்ய முடியவில்லை. முயன்றவர்கள் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பைக்கில் ஒன்பது உலகப் பட்டம் வைத்திருந்த மைக் ஹெயில்வுட் முயன்றார். பதினைந்து பட்டம் வைத்திருந்த ஜாகோமோ அகோஸ்தினியும் 1970களின் கடைசியில் ஒற்றை இருக்கைக் கார்களில் ஓட்டிப் பார்த்தார், பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மோட்டோ ஜிபி (பைக் பந்தயத்தின் உச்சத் தொடர்) சாம்பியன் வாலண்டினோ ரோசி ஃபெராரியின் ஃபார்முலா ஒன் அணி வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினார்.

இந்த மூன்று பேரை, அதாவது சர்டீஸ், ஹெயில்வுட், ரோசியை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயம் தெளிவாகும். ரசிகர்கள் வழக்கமாகத் திறமையைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், எந்தக் காலத்துக் காரில் ஏறினார்கள், ஏறும்போது பைக்கை முழுசாக விட்டுவிட்டு ஏறினார்களா என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கின்றன.

முதலில் சர்டீஸ். 500 சிசி பிரிவில் 1956, 1958, 1959, 1960 என நான்கு பட்டம், 350 சிசியில் மூன்று. எல்லாமே இத்தாலியின் எம்.வி. அகஸ்டா பைக்கில். அந்தக் கம்பெனிக்கு ஓட்டும்போது உலகச் சாம்பியன்ஷிப் பந்தயங்களைத் தவிர மற்ற இடங்களில் அவர் விருப்பப்படி சொந்த பைக்கை ஓட்ட விடவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கார் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் அவர் புகுந்தார். 1960 மார்ச்சில் குட்வுட்டில் கென் டைரலின் ஃபார்முலா ஜூனியர் (கீழ்நிலைத் தொடர்) காரில் முதல் பந்தயம், இரண்டாம் இடம். முன்னால் போனவர் ஜிம் கிளார்க். அதே வருஷம் மொனாக்கோவில் லோட்டஸ் காரில் ஃபார்முலா ஒன் அறிமுகம். இரண்டாவது கிராண்ட் பிரீயான (ஃபார்முலா ஒன் பந்தயம்) சில்வர்ஸ்டோனில் இரண்டாம் இடம். மூன்றாவதான போர்ச்சுகலில் போல் பொசிஷன், அதாவது தகுதிச் சுற்றில் முதலிடம். இத்தனையும் பைக்கில் அந்த வருஷத்து இரண்டு உலகப் பட்டங்களையும் எடுத்துக்கொண்டே!

இங்கேதான் அந்தக் காலத்துக் காரைக் கவனிக்க வேண்டும். 1960ல் ஃபார்முலா ஒன் காருக்கு விங் (காற்றை வைத்துக் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை) கிடையாது. டயர் ஒல்லி. வளைவில் நான்கு சக்கரமும் லேசாக வழுக்கிக்கொண்டே போகும், அந்த வழுக்கலைத் திராட்டிலால் (ஆக்சிலரேட்டர்) அளந்து பிடிப்பதுதான் ஓட்டுவதே. அடுத்த வருஷம் விதி மாறி 1.5 லிட்டர் எஞ்சின், குறைந்தபட்ச எடை 450 கிலோ என்று வந்தது. பைக் ரைடர் காலம் முழுக்கச் செய்வது இந்த வேலையைத்தான். பின் டயர் பிடி விடப்போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே அவன் இடுப்புக்குத் தெரிந்துவிடும். வலது மணிக்கட்டு அதற்கேற்ப அரை மில்லிமீட்டர் திரும்பும். மணிக்கட்டு செய்ததைப் பாதம் செய்யக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

போருக்கு முந்தைய காலமும் இதையே சொல்கிறது. பெர்ண்ட் ரோஸ்மேயர் டி.கே.டபிள்யூ பைக் ரைடர். 1935ல் ஆட்டோ யூனியன் காரில் ஏறினார். 16 சிலிண்டர் எஞ்சின் முதுகுக்குப் பின்னால், வாலை ஆட்டிக்கொண்டே போகும் கார் அது. ரோஸ்மேயர் அடுத்த வருஷமே ஐரோப்பியச் சாம்பியன் ஆகிவிட்டார். 1936ல் நூர்பர்க்ரிங்கில் மூடுபனிக்குள் அவர் ஜெயித்த ஐஃபல் பந்தயத்தை இன்றும் பேசுகிறார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜோ லியோனார்ட் மண் தடத்தில் பைக் ஓட்டி 1954, 1956, 1957ல் தேசியச் சாம்பியன். அப்புறம் கார்களுக்கு மாறி 1971, 1972 இரண்டு வருஷமும் யூசாக் (அமெரிக்காவின் தேசிய கார் பந்தயத் தொடர்) சாம்பியன். அமெரிக்காவின் புகழ்பெற்ற இண்டி 500 பந்தயத்தில் 1968ல் டர்பைன் எஞ்சின் வைத்த லோட்டஸில் போல் எடுத்து, முடிய ஒன்பது லேப் (சுற்று) இருக்கும்போது முன்னணியில் இருந்த கார் நின்றுபோனது. இண்டி கார்களிலும் விங் தலையெடுத்த காலம் அது. ஆனால் அதற்குள் பல வருஷம் மண்ணிலும் தாரிலும் கார் ஓட்டித் தேர்ந்தவர் அவர். பாவம், நம் பக்கத்தில் இவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

சரி, ஹெயில்வுட்டுக்கு வருவோம். இந்த ஒப்பீட்டில் மனசுக்கு ரொம்பப் பிடித்தவர் இவர்தான். இவரை வைத்துப் பார்த்தால் நான் மேலே சொன்னது முழுசாகப் பொருந்தாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1963ல் அவர் ஃபார்முலா ஒன்னில் நுழைந்தபோதும் விங் கிடையாது. பைக் கைப்பழக்கம் கைகொடுக்க வேண்டிய காலம்தான். ஆனாலும் 1965 வரை ஓட்டி அவர் எடுத்தது ஒரே ஒரு புள்ளி, 1964 மொனாக்கோவில் ஆறாம் இடம். காரணம் தேடினால் இரண்டு கிடைக்கும். ஒன்று, அவர் ஓட்டியது ரெக் பார்னெல் அணியின் கார், தொழிற்சாலை அணிகளின் காருக்கு ஈடு கொடுக்காது. இன்னொன்று, அந்த மூன்று வருஷமும் அவர் எம்.வி. அகஸ்டாவில் 500 சிசி பட்டத்தைத் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தார். ஒரு வாரம் பைக், மறுவாரம் கார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்.

சர்டீஸும் 1960ல் இரண்டையும் சேர்த்து ஓட்டியவர்தானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் ஒரே ஒரு வருஷம். அந்த வருஷம் முடிந்ததும் பைக்கை விட்டுவிட்டார். உச்சத்தில் இருக்கும் உலகச் சாம்பியன், வயது 26, அதை அப்படியே வைத்துவிட்டு வந்தார். 1962ல் லோலா காரில் இரண்டு முறை இரண்டாம் இடம், 1963ல் ஃபெராரி, நூர்பர்க்ரிங்கில் முதல் வெற்றி. இன்னொரு வித்தியாசமும் உண்டு. சர்டீஸ் வின்சென்ட் பைக் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக வேலை பழகியவர். காரைக் கழற்றி மாட்டி, சஸ்பென்ஷனை மாற்றி, அடுத்த லேப்பில் என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆள். 1967ல் ஹோண்டாவுக்காக லோலாவுடன் சேர்ந்து சில வாரத்தில் ஒரு காரை உருவாக்கி, அந்தக் காரின் முதல் பந்தயத்திலேயே மான்சாவில் 0.2 நொடியில் ஜெயித்தார். ஹெயில்வுட் கொடுத்த வண்டியை அதன் எல்லை வரைக்கும் ஓட்டுகிறவர். பைக்கில் அந்த வரம் போதுமானதாக இருந்தது. காரில் அது போதவில்லை.

1964 பட்டம் எவ்வளவு நூலிழையில் வந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கடைசிப் பந்தயம் மெக்சிகோ. கிரகாம் ஹில், கிளார்க், சர்டீஸ் மூவருக்கும் வாய்ப்பு. ஃபெராரியின் இன்னொரு காரில் வந்த பாந்தினி இடித்ததில் ஹில் பின்தங்கினார். முன்னால் போய்க்கொண்டிருந்த கிளார்க்கின் காரிலிருந்து எண்ணெய் கசிந்து கடைசி லேப்பில் கார் படுத்துவிட்டது. பாந்தினி வழிவிட, சர்டீஸ் இரண்டாவதாக வந்து 40 புள்ளி. ஹில்லுக்கு 39. 

ஹெயில்வுட்டின் இரண்டாவது வருகை 1971ல், அதுவும் சர்டீஸ் சொந்தமாக நடத்திய அணியில். மான்சாவில் அவர் ஓட்டியது ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே மிக நெருக்கமான முடிவு. முதல் ஐந்து கார்களும் 0.61 நொடிக்குள். ஹெயில்வுட் நான்காவது, வென்ற பீட்டர் கெத்தினுக்கு 0.18 நொடி பின்னால். பல வருஷம் கழித்து வந்த மனிதர், முன் காரின் காற்று நிழலில் ஒட்டிக்கொண்டு போகும் ஸ்லிப்ஸ்ட்ரீம் ஆட்டத்தில் அப்படிக் கலக்கினார். பைக் ரேஸில் தினமும் ஆடிய ஆட்டம்தானே அது. அடுத்த வருஷம் கியாலமியில் வேகமான லேப், மான்சாவில் இரண்டாம் இடம், ஐரோப்பிய ஃபார்முலா டூ (ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த கீழ்த் தொடர்) பட்டமும். இந்தத் தடவை பைக் குறுக்கே நிற்கவில்லை, ஒழுங்கான கார் இருந்தது, கீழ்த் தொடரிலும் உட்கார்ந்து ஓட்டினார். முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. 1973 கியாலமியில் எரியும் காருக்குள் கிடந்த சக போட்டியாளர் ரெகாத்ஸோனியைத் தன் உடையில் தீப்பிடித்த பிறகும் திரும்பப் போய் இழுத்து வெளியே போட்டு, பிரிட்டனின் ஜார்ஜ் மெடல் வாங்கினார். 1974ல் நூர்பர்க்ரிங் விபத்தில் கால் நொறுங்கியதோடு அவருடைய ஃபார்முலா ஒன் முடிந்தது. 1978ல் ஐல் ஆஃப் மேன் தீவின் பைக் பந்தயத்துக்குத் திரும்பி டுகாட்டியில் ஜெயித்ததைப் பைக் ரசிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1968ல் விங் வந்ததும் காரின் குணமே மாறிப்போனது. வேகம் கூடக் கூடக் காற்று காரைத் தரையோடு அழுத்தும், பிடி கூடும். அதனால் பிரேக்கை முதல் மிதியிலேயே முழு பலத்தோடு மிதித்து, வேகம் இறங்க இறங்க அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பைக்கில் இதற்கு நேர்மாறு. முன் டயரில் எடை மெல்ல ஏறும் வரை விரல் காத்திருக்கும். எடுத்த எடுப்பில் அமுக்கினால் ஆள் தரையில். ஆயிரம் முறை உடம்பில் பதிந்த பழக்கத்தை உடைப்பது சாதாரண வேலை இல்லை. விங் காலத்தில் பைக்கிலிருந்து வந்தவர்களில் ஜான் பியர் பெல்துவாஸ் ஒரே ஒரு கிராண்ட் பிரீ வென்றார், 1972 மொனாக்கோ. அன்று கொட்டோ கொட்டென்று மழை. பிடியே இல்லாத தரையில் விரல் நுனிச் சாமர்த்தியம் மறுபடி விலை பெற்றது. 350 சிசி சாம்பியன் ஜானி செகோத்தோ 1984ல் டோல்மன் அணியில் அயர்டன் சென்னாவின் சக வீரராக இருந்து, பிராண்ட்ஸ் ஹாட்ச் பயிற்சியில் இரண்டு காலும் உடைந்து வெளியேறினார். நான்கு முறை 500 சிசி சாம்பியனான எடி லாசன் 1996ல் அமெரிக்காவின் கார்ட் (CART) என்ற கார் பந்தயத் தொடரில் ஓட்டி மேடை ஏறாமலேயே விலகினார்.

இந்தப் பின்னணியில்தான் ரோசியைப் பார்க்க வேண்டும். 2004ல் ஃபியோரானோவில் ஃபெராரி ஃபார்முலா ஒன் காரில் முதல் டெஸ்ட். 2006 பிப்ரவரியில் வலென்சியாவில் மற்ற அணிகளோடு சேர்ந்து ஓட்டி, ஃபெராரியின் உலகச் சாம்பியன் மைக்கேல் ஷூமேக்கருக்கு ஒரு நொடிக்குள் வந்தார். உலகமே ஆடிப்போனது. ஆனால் தனியாக ஓட்டும் ஒரு லேப் வேறு. எரிபொருள் நிரம்பிய காரில் டயர் தேயத் தேய எழுபது லேப் சண்டை போடுவது வேறு. அப்போது அவருக்கு வயது 26, சர்டீஸ் பைக்கை விட்ட அதே வயது. சர்டீஸ் சில பந்தயத்தில் கற்றதைக் கற்க ரோசிக்கு இரண்டு மூன்று சீசனாவது தேவைப்பட்டிருக்கும். அவர் மாறவில்லை. 2008, 2009 மோட்டோ ஜிபி பட்டங்கள் அதற்குப் பிறகு வந்தவை. அவர் ஃபெராரியில் ஓட்டுவதைப் பார்க்க எனக்கும் ஏக்கம் உண்டு, ஆனாலும் அவர் எடுத்த முடிவு சரி என்பேன்.

ஆக, மூன்றில் எது சரியான வழி? சர்டீஸின் வழிதான் முதலிடம், ஆனால் அது 1960க்கு மட்டும் திறந்திருந்த வழி. விங் காலத்தில் யாராவது மாறியே தீருவேன் என்று நின்றால், 1971க்குப் பிந்தைய ஹெயில்வுட்டைத்தான் கைகாட்டுவேன்: பைக்கை விட்டுவிட்டு, ஃபார்முலா டூவிலும் உட்கார்ந்து ஓட்டு.

இன்றோ அதுவும் கஷ்டம். 2016 முதல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டத் தேவையான சூப்பர் லைசன்ஸ் வேண்டுமென்றால் மூன்று சீசனில் 40 புள்ளி சேர்க்க வேண்டும், அந்தப் புள்ளிகள் கார் பந்தயத் தொடர்களில்தான் கிடைக்கும். மோட்டோ ஜிபி பட்டம் எத்தனை இருந்தாலும் கணக்கில் வராது. மோட்டோ ஜிபி சாம்பியன்களான லொரென்ஸோ 2016ல் மெர்சிடிஸையும், மார்க் மார்கேஸ் 2018ல் டோரோ ரோசோ வண்ணம் பூசிய ஃபார்முலா ஒன் காரையும் ஓட்டிப் பார்த்தது ஒரு நாள் விருந்தோடு நின்றது. பைக் ரைடர்களுக்குத் திறந்திருக்கும் கார் கதவு இப்போது ஜிடி பந்தயம்தான், அதாவது சாலை ஸ்போர்ட்ஸ் கார்களை ஒட்டிச் செய்த கார்களின் பந்தயம். ரோசியும் பைக்கிலிருந்து ஓய்வு பெற்றதும் 2022ல் அங்கேதான் போனார். முதல் வெற்றி 2023ல் மிசானோவில், தன் ஊருக்குப் பக்கத்தில், பி.எம்.டபிள்யூ எம்4 காரில்.