ஆர்எஸ்வி: தாய்க்கு ஊசியா, சேய்க்கு ஊசியா?

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குச் சளி பிடித்து, விலா எலும்புகள் உள்வாங்க மூச்சிரைத்து, பால் குடிக்கவும் முடியாமல் தவிக்கிறது என்றால் மருத்துவர்களுக்கு முதலில் சந்தேகம் எழுவது மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி (RSV) வைரஸின் மீதுதான். 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 1 லட்சம் குழந்தைகள் இதனால் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. ஏறக்குறைய பாதிப் பேர் ஆறு மாதம் நிறையாதவர்கள். 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இறப்புகள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நேர்ந்தன.

இந்தப் பச்சிளம் பருவத்தைக் காக்க இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கர்ப்பிணிக்குப் போடும் ஃபைசரின் 'அப்ரிஸ்வோ' தடுப்பூசி. மற்றொன்று, குழந்தைக்கே நேரடியாகச் செலுத்தும் 'நிர்செவிமாப்' என்ற ஆன்டிபாடி மருந்து; அதாவது வைரஸைப் பற்றித் தடுக்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம். இரண்டுக்கும் அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. எல்லா நாடுகளும் இவற்றுள் ஒன்றையாவது கொண்டுவர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் பரிந்துரைத்தது.

குழந்தைக்கே தடுப்பூசி போட்டுவிடலாமே என்ற கேள்வி எழும். 1960களில் அதைச் செய்து பார்த்தார்கள். ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த வைரஸைக் கைக்குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். பின்னர் இயல்பான தொற்று வந்தபோது, ஓர் ஆய்வில் தடுப்பூசி பெற்றுத் தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் 80 விழுக்காட்டினரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. காக்க வந்த மருந்தே நோயைக் கடுமையாக்கியது. அந்த அதிர்ச்சியில் ஆர்எஸ்வி தடுப்பூசி ஆய்வு பல பத்தாண்டுகள் பின்தங்கியது.

அது ஏன் தோற்றது என்பதற்கான விடை, வைரஸ் மனித செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் 'எஃப்' புரதத்தில் இருந்தது. மனித செல்லுடன் இணைவதற்கு முன் அதற்கு ஒரு வடிவம். இணைந்த பின் வேறு வடிவம். பழைய தடுப்பூசி பெரும்பாலும் பின்னைய வடிவத்தையே காட்டியதால், வைரஸைத் தடுக்கத் திறனற்ற ஆன்டிபாடிகளே உருவாகின. 2013இல் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம், பீட்டர் குவோங் ஆகியோரின் குழு முன்னைய வடிவத்தின் அமைப்பைக் கண்டறிந்து, அதை உருமாறாமல் நிறுத்தும் வழியையும் காட்டியது. அப்ரிஸ்வோ அந்த வடிவத்தைத் தாயின் உடலுக்குக் காட்டுகிறது. நிர்செவிமாப் அதே வடிவத்தின் உச்சியைப் பற்றிக்கொள்கிறது.

இன்னொரு ஒற்றுமை என்னை வியக்க வைக்கிறது. தாயின் ஆன்டிபாடியை நஞ்சுக்கொடி வழியாகச் சேய்க்குக் கடத்துவது 'எஃப்சிஆர்என்' என்ற ஏற்பி, அதாவது செல்லில் ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் புரதம். நிர்செவிமாபின் வாலில் செய்த சிறு மாற்றமும் இதே ஏற்பியுடன் அதை இறுகப் பிணைத்து, உடல் அதைச் சிதைத்துவிடாமல் காக்கிறது. அதனால்தான் பழைய ஆர்எஸ்வி ஆன்டிபாடியான பாலிவிசுமாப் ஊசியை மாதந்தோறும் போட வேண்டியிருக்க, இது ஒரே ஊசியில் குறைந்தது ஐந்து மாதம் தாங்குகிறது.

ஆற்றலில் எது மேல்? ஆய்வுகள் நோயை வெவ்வேறு விதமாக வரையறுத்தவை. எண்களை அப்படியே எதிரெதிரே நிறுத்தக் கூடாது. தாய்க்குப் போடும் தடுப்பூசி, பிறந்து 90 நாட்களுக்குள் வரும் கடும் நோயை 82 விழுக்காடு தடுத்தது; 180 நாள் கணக்கில் அது 69 ஆகக் குறைந்தது. நிர்செவிமாப், 'ஹார்மனி' என்ற ஐரோப்பிய ஆய்வில் மருத்துவமனை அனுமதியை 83 விழுக்காடு குறைத்தது. ஸ்பெயினின் கலீசியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தபோதும் ஏறத்தாழ அதே பலன் தெரிந்தது. நீடிக்கும் பாதுகாப்பில் நிர்செவிமாப்தான் முந்துகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கோ இத்தகைய ஆன்டிபாடி ஊசியை விட்டால் வேறு நல்ல வழியில்லை. தாய்க்கு ஊசி போட்டு 14 நாளாவது கடந்திருந்தால்தான் போதிய ஆன்டிபாடி சேய்க்குப் போய்ச் சேரும். முன்கூட்டியே பிறக்கும் குழந்தை அதற்குக் காத்திருப்பதில்லை.

குறைப்பிரசவம் பற்றிய அச்சத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். ஜிஎஸ்கே நிறுவனம் உருவாக்கிய வேறொரு கர்ப்பகாலத் தடுப்பூசியின் சோதனை, குறைப்பிரசவங்கள் கூடியதால் 2022இல் நிறுத்தப்பட்டது. ஃபைசரின் சோதனையில் குறைப்பிரசவம் தடுப்பூசி பெற்றவர்களிடம் 5.7 விழுக்காடு, பெறாதவர்களிடம் 4.7. புள்ளியியல்படி இது உறுதியான வேறுபாடு அல்ல. ஆனாலும் அமெரிக்கா 32 முதல் 36 வாரத்துக்குள் மட்டுமே போடச் சொல்கிறது. பிரிட்டன் 28ஆம் வாரத்திலிருந்தே போடுகிறது.

நிர்செவிமாபுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது ஒற்றை ஆன்டிபாடி. சுப்டாவுமாப் என்ற அதன் போட்டி மருந்து, ஆர்எஸ்வி-பி வகை தன் புரதத்தில் செய்துகொண்ட சிறு மாற்றத்தால் 2017இல் தோற்றுப்போனது. தாயின் உடலோ ஒரே புரதத்தைப் பல இடங்களில் தாக்கும் பலவகை ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. அவை எல்லாவற்றிடமிருந்தும் ஒருசேரத் தப்புவது வைரஸுக்குக் கடினம்.

எனக்கு இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், வசதியுள்ள நாட்டில் நிர்செவிமாபைத்தான் சொல்வேன். ஆனால் குழந்தைகள் அதிகம் இறக்கும் நாடுகளில் தாய்க்கான தடுப்பூசியை முதலில் கொண்டுசெல்ல வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அங்கே பல இறப்புகள் மருத்துவமனைக்கு வெளியே, வீட்டிலேயே நிகழ்கின்றன. வீட்டில் பிறந்த குழந்தையை முதல் வாரத்திலேயே தேடிச்சென்று ஊசி போடுவது எளிதல்ல. கர்ப்பிணிகளுக்கு டெட்டனஸ் தடுப்பூசி போடும் ஏற்பாடு மட்டும் ஏழை நாடுகளிலும் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. அதே செவிலியர், அதே குளிர்பெட்டி, அதே பரிசோதனை நாள் இதற்கும் உதவும். அப்ரிஸ்வோ 2025 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியும் பெற்றுவிட்டது. அதனால் ஐ.நா. அமைப்புகள் அதை வாங்கி வழங்கலாம்.

அந்தத் திட்டத்தைத் தொடங்கும் எந்த நாடும் ஒன்றை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். அடுத்த கர்ப்பத்தில் மீண்டும் ஊசி போடுவதா? பிரிட்டன் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போடுகிறது. அமெரிக்கா ஒரு முறையோடு நிறுத்தி, அடுத்த குழந்தைக்கு நிர்செவிமாபைக் கொடுக்கச் சொல்கிறது. நிர்செவிமாப் எட்டாத இடங்களில் பிரிட்டனின் வழிதான் இரண்டாவது குழந்தையைக் காக்கும்.