சிஸ்டம் அட்மின் வேலைக்கு ராக்கி லினக்ஸ் எப்படி?

சர்வர்களைப் பராமரிக்கிற சிஸ்டம் அட்மின் வேலைக்கு எந்த யூனிக்ஸைப் (லினக்ஸும் அந்தக் குடும்பத்து ஆபரேட்டிங் சிஸ்டம்தான்) படித்தால் நல்லது என்று கேட்டால் என் பதில் ராக்கி லினக்ஸ் 9. பெரிய கம்பெனிகள் சந்தா கட்டி ஓட்டுகிற ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸும் இதுவும் பழக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இதற்குக் காசும் வேண்டாம், பதிவும் வேண்டாம். ரெட் ஹேட் லினக்ஸின் இலவச நகலாக இருந்த சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 டிசம்பரோடு மூடப்போகிறோம் என்று அதை நடத்தியவர்கள் அறிவித்ததும் கிளம்பிய திட்டம் இது. பதிப்பு 9-க்கு 2032 மே வரை செக்யூரிட்டி அப்டேட் உண்டு.

10 வந்துவிட்டதே, அதைப் போடலாமே என்றால், உங்களிடம் இருப்பது பழைய லேப்டாப்பா என்று முதலில் பாருங்கள். இன்டெல் ஹாஸ்வெல்லுக்கு முந்தைய பிராசஸர்களில் 10 ஓடாது. ராக்கி மாதிரியே இன்னொரு இலவச லினக்ஸான அல்மா லினக்ஸ் மட்டும் அந்த மாதிரி மெஷின்களுக்கென்று 10-ஐத் தனியாகத் தருகிறது.

எனக்கு இதில் பிடித்ததே பலர் திட்டுகிற எஸ்இலினக்ஸ்தான், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் வைத்து, எந்த புரோகிராம் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்துகிற பாதுகாப்பு அமைப்பு. வீட்டு டைரக்டரியில் ஒரு பக்கம் எழுதி, எம்வி (mv) கட்டளை போட்டு வெப் சர்வரின் டைரக்டரிக்கு நகர்த்துவீர்கள், பெர்மிஷன் எல்லாம் சரியாக இருக்கும், பிரவுசரில் மட்டும் 403 (அனுமதி இல்லை) என்று வரும். காரணம், நகர்த்திய ஃபைல் தன் பழைய லேபிளோடே வந்துவிடுகிறது. அதே ஃபைலை சிபி (cp) போட்டு நகலெடுத்திருந்தால் புது இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். எல்எஸ்-ஸோடு பெரிய இசட் போட்டால் (ls -Z) லேபிள் தெரியும், ரீஸ்டோர்கான் (restorecon) கட்டளையை ஓட்டினால் சரியாகிவிடும். இணையத்தில் பாதிப் பேர் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்பார்கள், அதைக் கேட்காதீர்கள். ரெட் ஹேட்டின் அட்மின் சான்றிதழுக்கான ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் இதுவும் வரும், அது முழுக்க மெஷினில் செய்து காட்டும் தேர்வு, இன்டர்நெட் கிடையாது, மெஷினிலேயே இருக்கும் கட்டளை விளக்கங்களான மேன் பக்கங்கள்தான் துணை.

குறை என்றால், பேக்கேஜ்கள் (நிறுவுகிற மென்பொருள்கள்) பழையவை, எண்ணிக்கையும் குறைவு. ஓடுகிற புரோகிராம்களைக் காட்டும் எச்டாப் வேண்டுமென்றால்கூட ஈபெல் என்ற கூடுதல் பேக்கேஜ் ரெபாசிட்டரியைச் சேர்க்க வேண்டும். உபுண்டுவுக்கு மாறுவது அப்புறம் பெரிய கஷ்டமில்லை, பேக்கேஜ் நிறுவ டிஎன்எஃப் போய் ஏபிடி வரும், சில ஃபைல்கள் இடம் மாறும், எஸ்இலினக்ஸுக்குப் பதில் ஆப்ஆர்மர் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவதாக நான் சொல்வது ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் அல்லாத ஒரு இலவச யூனிக்ஸ். வேலை விளம்பரத்தில் அதன் பெயரை அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள், ஆனால் நெட்ஃபிளிக்ஸ் தன் வீடியோவை அனுப்புகிற சர்வர்கள் ஓடுவது அதில்தான். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி இல்லாமல், பெரும்பாலான சர்வீஸ்களை ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே ஃபைலில் வைத்து நடத்துவதைப் பார்த்தால் லினக்ஸில் எது யூனிக்ஸின் வழக்கம், எது பின்னால் வந்தது என்பது பிடிபடும். அதன் கையேடான ஹேண்ட்புக் அளவுக்கு ஒழுங்கான ஆவணம் ராக்கிக்குக் கிடையாது.

ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ்? ஐபிஎம் பவர் மெஷின் இல்லாமல் அதைப் பழக முடியாது, வேலை கொடுக்கிற இடத்திலேயே கற்றுக்கொள்ளலாம். ஆரக்கிளின் யூனிக்ஸான சோலாரிஸ் 11.4 வந்ததே 2018-இல், அவ்வளவு பழசு. எச்பி-யூஎக்ஸுக்கு வழக்கமான சப்போர்ட் 2025 டிசம்பரோடு சரி, அதற்கு இனிமேல் யாராவது கோர்ஸ் நடத்திக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.