இருவருக்கும் ஒரே பயிற்சி ஏடு: ஒரு பகல்நேர மறுவாழ்வு மையத்தில் பதினான்கு மாதங்கள்

மனச்சிதைவு நோயிலிருந்து மீண்டு வருவோருக்காகப் புதுச்சேரியில் இயங்கும் பகல்நேர மறுவாழ்வு மையம் ஒன்றுக்கு என் தம்பியையும் சித்தியையும் பதினான்கு மாதங்களாக அழைத்துச் சென்று வருகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பேருந்தில் போய் வருகிறோம். மதிய உணவுடன் ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய். இடம் சுத்தமாக இருக்கிறது. பணியாளர்கள் யாரையும் ஒருமையில் அழைப்பதில்லை, அதற்காகவே ஒரு முறை கைகூப்பலாம்.

எனக்கு இருந்த பெருங்குறை, கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்க அங்கே தரும் பயிற்சியைப் பற்றியது. தம்பிக்கு நோய் வந்தது 16 வயதில், பதினோராம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நெருங்கிய சமயத்தில். சித்திக்கு வந்தது 43 வயதில். அதற்குள் அவர் ஒரு துணிக்கடையில் பதினெட்டு ஆண்டுகள் கணக்கு எழுதி, ஒரு பெண்ணையும் கட்டிக்கொடுத்திருந்தார். நோயின் பெயர் ஒன்றே என்பதால் மையம் இருவர் கையிலும் ஒரே ஏட்டைக் கொடுத்தது. சொற்பொருள் கேட்கும் பக்கங்களைச் சித்தி பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, தம்மைச் சிறுபிள்ளையாக நினைக்கிறார்கள் என்று மனம் வருந்தினார். மூன்று எண்களைக் கேட்டுப் பின்னிருந்து சொல்லும் பயிற்சியில் தம்பி திரும்பத் திரும்பத் தவறி, ஏட்டை மூடிவிட்டுச் சன்னலோரம் போய் நின்றுகொண்டான். நான்கு மாதங்கள் அவனுடைய பதிவேட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்றே எழுதினார்கள். அவன் ஒத்துழைக்காமல் இல்லை, அவனால் முடியவில்லை. அந்தச் சொல்லை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நோய் எந்த வயதில் தொடங்கியது என்பது முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி. 18 வயதுக்கு முன் நோய் தொடங்கியவர்களிடம் கவனம், செயல் நினைவு (கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டே அதைக் கையாளும் திறன்), புரிந்துகொண்டு செயல்படும் வேகம், திட்டமிடுதல் ஆகியவற்றில் சரிவு சராசரியாக மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருப்பதும், கற்றுச் சேர்க்க வேண்டிய பள்ளிப் பருவத்திலேயே நோய் குறுக்கிடுவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நாற்பதைக் கடந்தபின் நோய் வந்தவர்களிடம் முன்பே சேர்த்துவைத்த சொல்வளமும் கணக்கறிவும் பெரிதும் தங்கிவிடுகின்றன. ஆனால் கவனமும், சொற்களைத் தடையின்றி எடுத்துச் சொல்லும் திறனும் அவர்களிடமும் தளரக்கூடும். இவை கூட்டத்தின் சராசரிகளே. இளவயதில் நோய் வந்தும் பட்டம் பெற்று வேலைக்குப் போகிறவர்கள் உண்டு என்பதால், வயதைக் கேட்பதோடு நில்லாமல் ஒவ்வொருவரையும் தனியே சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்லின் இந்நோய்க்கு ‘இளம்பருவ அறிவுத்தேய்வு’ என்று பொருள்படும் பெயரை வழங்கியதும், எல்லோருக்கும் அது பொருந்தாது என்று கண்ட சுவிஸ் மனநல மருத்துவர் பிளாய்லர் 1908-இல் ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்ற இன்றைய பெயரை முன்வைத்ததும் இங்கே நினைக்கத்தக்கவை.

ஐந்தாம் மாதம் புதிதாக வந்த உளவியலாளர் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துச் சோதித்தபின்தான் நிலைமை மாறியது. தம்பிக்கு ஒவ்வொரு வேலையையும் இரண்டிரண்டு படிகளாக உடைத்து, தவறு நேரும் முன்பே கைகாட்டி உதவும் முறையில் கற்பிக்கத் தொடங்கினார்கள். சித்திக்குக் கூட்டலும் கழித்தலும் தேவைப்படவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எண்ணிக்கையைத் தவறவிடுவதுதான் அவருடைய சிக்கல் என்று கண்டு, வானொலி ஒலிக்கும் அறையில் ரசீதுகளைச் சரிபார்க்கும் பயிற்சியைக் கொடுத்தார்கள். தம்பியின் மருந்துச் சீட்டைப் பார்த்த அதே உளவியலாளர், நடுக்கத்துக்காக அவன் சாப்பிட்டுவந்த ட்ரைஹெக்ஸிபெனிடில் மாத்திரை நினைவாற்றலை மங்கச் செய்யக்கூடும் என்று சொல்லி, எங்களை எங்கள் மருத்துவரிடம் கேட்கச் சொன்னார். மருத்துவர் அதைப் படிப்படியாகக் குறைத்தார். நாங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. யாரும் அப்படி நிறுத்திவிட வேண்டாம்.

தம்பி இப்போது பெரிய மார்க்கெட்டில் ஐந்து பொருள்களைச் சீட்டில்லாமல் நினைவில் வைத்து வாங்கி வருகிறான். ஆறாவது பொருள் சேர்ந்தால் தடுமாறுகிறான். சித்தி, அக்கம்பக்கத்துப் பெண்கள் நடத்தும் சேமிப்புக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறார். மாத அறிக்கையை மட்டும் இன்னும் ஆங்கிலத்திலேயே தருகிறார்கள். தமிழில் கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இங்கே சேர்க்க வருபவர்கள், பயிற்சி தொடங்கும் முன்பே கவனம், நினைவாற்றல் போன்றவற்றை அளக்கும் அறிதிறன் சோதனையை நடத்தச் சொல்லி, அதன் நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.