கிட்னி ஸ்லைடு பெட்டி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பேத்தாலஜி எம்.டி. முதல் வருடத்தில் வாங்கிய, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கிட்னி திசுவின் டீச்சிங் ஸ்லைடு பெட்டி இது. தேர்வெல்லாம் முடிந்துவிட்டது, இப்போது ஜூனியர்களுக்குக் காட்டவும் இதைத்தான் எடுக்கிறேன், அதனால் புதிதில் இருந்த பிரமிப்பு வடிந்த பிறகு எழுதுகிறேன். ஒவ்வொரு நோய்க்கும் ஒரே பயாப்சியிலிருந்து வெட்டிய நான்கு ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயம்: எச் அண்ட் ஈ, பி.ஏ.எஸ்., சில்வர், ட்ரைக்ரோம். வாங்கலாமா என்றால், வாங்கலாம், பி.ஏ.எஸ்.ஸுக்காகவே வாங்கலாம்.

எச் அண்ட் ஈ-யில் கார்டெக்ஸ் (கிட்னியின் வெளிப்பகுதி) முழுக்க ஒரே ரோஸ் நிறம். எது ப்ராக்ஸிமல் ட்யூபியூல் (கிட்னி நுண்குழாயின் முதல் பகுதி), எது டிஸ்டல் (பிந்தைய பகுதி) என்று ஆரம்பத்தில் பாதி ஊகம்தான். பி.ஏ.எஸ்.ஸில் பேஸ்மென்ட் மெம்பரேனும் (செல்கள் உட்காரும் மெல்லிய படலம்) மெசாஞ்சியல் மேட்ரிக்ஸும் (ரத்தத்தை வடிகட்டும் கிளாமருலஸ் என்ற முடிச்சில் கேபில்லரிகளைத் தாங்கும் பொருள்) அடர் மெஜெந்தாவாக எழுந்து நிற்கும், ப்ராக்ஸிமல் ட்யூபியூலின் உள்விளிம்பில் பிரஷ் பார்டர் தனியாகத் தெரியும், டிஸ்டலில் அது இருக்காது. இன்டர்ஸ்டிஷியல் நெஃப்ரைட்டிஸ் (ட்யூபியூல்களுக்கு இடையே உள்ள திசுவின் அழற்சி) ஸ்லைடில் இதன் அருமை புரியும். வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக், அசிடிட்டிக்கு விழுங்கும் ஒமிப்ரசோல் வகை என்று பலவற்றாலும் வரும் நோய். லிம்ஃபோசைட் (ஒரு வகை வெள்ளை அணு) அந்த மெஜெந்தா கோட்டுக்கு வெளியே நிற்கிறதா, கோட்டைத் தாண்டி ட்யூபியூல் செல்களுக்கு நடுவே புகுந்துவிட்டதா? புகுந்திருந்தால் ட்யூபுலைட்டிஸ், அதாவது ட்யூபியூலின் அழற்சி. எச் அண்ட் ஈ-யில் இதே இடத்தை வைத்துப் பக்கத்து சீட்டுக்காரரோடு அரைமணி நேரம் வாதாடலாம்.

சில்வரும் நன்றாக வந்திருக்கிறது. மெம்பரேனஸ் நெஃப்ரோபதி என்ற கிளாமருலஸ் நோயில் கேபில்லரி சுவரின் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கருப்பு முட்களை ஆயில் இம்மெர்ஷனில் (எண்ணெய் வைத்து மிகவும் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) பார்த்தால் மறக்காது. ட்ரைக்ரோம் ஏமாற்றம்தான், வெளுக்க ஆரம்பித்துவிட்டது, ஃபைப்ரோசிஸின் (தழும்புத் திசு) நீலம் இப்போது சாம்பல் நிறம்.

பெரிய குறை தடிமன். கிட்னி பயாப்சியை 2 முதல் 3 மைக்ரானில் வெட்ட வேண்டும். இதில் சில ஸ்லைடுகள் கண்டிப்பாக அதைவிடத் தடிமன், ஃபைன் ஃபோகஸைத் திருகினால் நியூக்ளியஸ்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வெவ்வேறு மட்டத்தில் வந்து போகின்றன. ஒரு மெசாஞ்சியல் பகுதியில் 3 நியூக்ளியஸ் வரை சாதாரணம், 4 என்றால் செல்கள் அதிகம் என்று எழுத வேண்டும். அப்படியிருக்க தடித்த வெட்டில் நார்மல் கிளாமருலஸ்கூட நோயாளியாகிவிடும். விற்றவரிடம் சொன்னேன், 'எல்லாருக்கும் இதுதான் சார் போகிறது' என்றார். சரி. நல்லவேளை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் வரும் கிளாமருலஸ் அழற்சியில் எண்ணும் வேலையே இல்லை, கிளாமருலஸ் வீங்கி, கேபில்லரிகள் அடைபட்டு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும்.

மினிமல் சேஞ்ச் என்ற நோயின் ஸ்லைடும் உண்டு. லைட் மைக்ராஸ்கோப்பில் அது நார்மலாகத்தான் தெரியும், போடோசைட் (கேபில்லரியை வெளியே தழுவும் செல்) கால்கள் தட்டையானதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்தான் காட்டும். அதாவது நார்மல் கிட்னிக்கு இரண்டு முறை காசு கொடுத்திருக்கிறேன்.

இதைவிடச் சங்கடம் கிரெசன்ட் ஸ்லைடில். போமன்ஸ் ஸ்பேஸை (கிளாமருலஸைச் சுற்றிய இடைவெளி) அடைத்துக்கொண்டு பிறை வடிவில் செல்கள், கிழிந்த மெம்பரேன், ஃபைப்ரின் (ரத்த உறைவுப் புரதம்) எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் ஆன்டி ஜி.பி.எம். (கிளாமருலஸின் பேஸ்மென்ட் மெம்பரேனைத் தாக்கும் ஆன்டிபாடி), இம்யூன் காம்ப்ளெக்ஸ் (ஆன்டிபாடித் திரள்கள் படிவது), அன்கா (நியூட்ரோஃபிலுக்கு எதிரான ஆன்டிபாடி) என்ற மூன்று காரணங்களிலும் கிரெசன்ட் கிட்டத்தட்ட இதே முகம்தான். பிரித்துச் சொல்ல இம்யூனோஃப்ளூரசன்ஸ் (ஆன்டிபாடிகளை ஒளிர வைத்துப் பார்க்கும் முறை) வேண்டும்: ஐஜிஜி என்ற ஆன்டிபாடி கோடாக ஓடினால் முதலாவது, மணல் மணலாக இருந்தால் இரண்டாவது, பெரிதாக எதுவும் ஒளிராவிட்டால் அன்கா பக்கம் யோசிக்கலாம். ஒளிரும் ஸ்லைடு நாளாக மங்கிவிடும் என்பதால் பெட்டியில் வைக்க முடியாது, புரிகிறது. அதற்குப் பதில் ஒரு தாளில் படமாவது அச்சடித்து வைத்திருக்கலாம், அதுவும் இல்லை. உங்கள் துறையின் ரிப்போர்ட் ஃபைலில் இருக்கும் படங்களைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வாங்கும் முன் நார்மல் கிட்னியின் பி.ஏ.எஸ். ஸ்லைடு ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி 40எக்ஸில் பாருங்கள். கேபில்லரி சுவர் மெல்லிய ஒற்றைக் கோடாகத் தெரியவில்லை என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.