தமிழ்ச் சொற்களைப் பிரித்தெடுக்க எது நல்லது: ஸ்பிளிட்டா, ரீயா, ரெஜெக்ஸா?

பைத்தான் நிரல்மொழியில் ஓர் உரைப் பட்டியலிலிருந்து சொற்களைத் தனித்தனியே எடுக்க எளிய வழி ஸ்பிளிட் (split) கட்டளை. இடைவெளி கண்ட இடத்தில் வெட்டும். வரிக்கு ஒரு சொல் என்று சுத்தமாக உள்ள கோப்புக்கு அதுவே போதும். வாக்கியங்கள் வந்தால்தான் சிக்கல்: 'பழம்' ஒரு சொல், காற்புள்ளி ஒட்டிய 'பழம்,' வேறொரு சொல் என்று எண்ணிக்கொள்ளும். ஸ்ட்ரிப் (strip) கொண்டு ஓரங்களைத் துடைக்கலாம். ஆனால் பைத்தான் தரும் நிறுத்தக்குறித் தொகுப்பில் ஆஸ்கி (ASCII) எனும் அடிப்படை ஆங்கிலத் தொகுப்பின் குறிகள் 32 மட்டுமே உண்டு. அச்சில் வரும் வளைந்த மேற்கோள்குறி தப்பிவிடும்.

அடுத்து பலரும் நாடுவது வடிவம் சொல்லித் தேட உதவும் ரீ (re) தொகுதியின் ஃபைண்ட்ஆல் (findall). சொல்லைக் குறிக்கப் பின்சாய்கோடும் டபிள்யூவும் சேர்ந்த அந்த வழக்கமான குறியீடு (\w+) ஆங்கிலத்துக்குப் பழுதில்லை. தமிழில் அது சொல்லையே உடைக்கிறது. 'விழுப்புரம்' என்று கொடுத்தால் வ, ழ, ப, ப, ரம என ஐந்து துண்டுகள் வரும். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டுத் தரம்) எழுத்தாக அல்ல, ஒட்டுக்குறியாக வகைப்படுத்தியிருக்கிறது. ரீயோ எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றையே ஏற்கும். நிரல் பிழை எதுவும் காட்டாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. 'கடல்' என்பது 'கடல' என்று வெளிவரும். ஆயிரம் சொற்களுக்கு நடுவே போன ஒரு புள்ளியை எந்தக் கண் கண்டுபிடிக்கும்?

இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ரெஜெக்ஸ் (regex) தொகுதிக்கு மாறினேன். தனியே நிறுவ வேண்டும், அவ்வளவுதான். அதே ஃபைண்ட்ஆல், அதே குறியீடு; ஒட்டுக்குறிகளையும் சொல்லின் பகுதியாக ஏற்பதால் விழுப்புரம் முழுதாக வருகிறது. இதே தொகுதியில் பின்சாய்கோட்டுடன் பெரிய எக்ஸ் (\X) இட்டால் 'தமிழ்' என்பதை த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தரும். நீளத்தை அளக்கும் பைத்தானின் லென் (len), குறிகளையும் தனித்தனியே கணக்கிட்டு அதையே 5 என்று எண்ணும்.

எதையும் நிறுவ முடியாத கணினியில் ரீக்கே தமிழ் யூனிகோடு வரம்பை எழுதிக் கொடுக்கலாம். சொல் உடையாது, ஆனால் இடையில் வரும் ஆங்கிலமும் எண்களும் விடுபடும். தமிழ் மட்டும் வேண்டுவோருக்கு அதுவே வசதியாகவும் இருக்கலாம். வேகத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் கையாண்டவை சிறிய கோப்புகளே.

எந்த வழியில் போனாலும் முதலில் உரையை என்எஃப்சி (NFC) எனும் சீரான யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிடுங்கள். 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பட்டியலில் 'கொக்கு' இரண்டு சொல்லாகிவிடும்.