'கட்டியைக் கரைக்கிறோம்' என்பவர்களிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்

14,700 ரூபாய். ஏலச்சீட்டு எடுத்த பணம். மேலூரிலிருந்து பஸ் ஏறிப்போய் மதுரையில் ஒரு மூலிகை மருந்துக் கடையில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். 'அறுக்காமல் கட்டி கரைக்கப்படும்' என்று சுவரில் எழுதிவைத்திருக்கும் வகை.

மகளுக்கு ஆறு வயது. கழுத்தின் நடுவில், தாடைக்குச் சற்றுக் கீழே, நெல்லிக்காய் அளவில் வீக்கம். வலி இல்லை. கடைக்காரர் நாடி பிடித்துப் பார்த்தார். "கண்டமாலை தாயி. கத்தி வைத்தால் பிள்ளைக்குக் குரல் போய்விடும். மூன்று தவணை பற்றுப் போடு, நான் பொறுப்பு" என்றார். மகள் கையில் ஒரு கடலைமிட்டாயையும் வைத்தார். அந்த 'நான் பொறுப்பு'வில்தான் விழுந்தேன். தவணைக்கு 4,900.

மூன்றாவது தவணையில் கட்டி சிவந்து சீழ் வைத்தது, காய்ச்சலும் வந்தது. தொலைபேசியில் கேட்டால், "கெட்டது வெளியே வருகிறது, நல்லதுதான்." மறுநாள், "பத்தியம் தவறியிருப்பீர்கள். முட்டை கொடுத்தீர்களா?" நேரில் போனால், ஐயா சதுரகிரிக்குப் போயிருக்கிறாராம். ரசீது கேட்டேன். கல்லாவில் இருந்த பையன் சிரித்தான்.

பெரியாஸ்பத்திரியில் மருத்துவர் முதலில் சொன்னது, "நாக்கை நீட்டு பாப்பா." நீட்டினாள். கட்டி மேலே ஏறியது. எச்சில் விழுங்கினாள், மறுபடியும் ஏறியது. தினமும் அதன்மேல் பற்றுப் போட்ட எனக்கு அது தெரியவில்லை. கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கும் பாதை மறையாமல் தங்கி, நீர்ப்பையாகிவிடுமாம். எந்தப் பற்றுக்கும் கரையாது. ஸ்கேனில் தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அரிதாகச் சிலருக்கு அந்தக் கட்டிதான் இருக்கிற ஒரே தைராய்டாம். இனி சீழ் வற்றிய பிறகே அறுவை. நாக்கடி எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்து எடுக்காவிட்டால் திரும்ப வர வாய்ப்பு அதிகமாம்.

சரி, கண்டமாலை என்றே வைத்துக்கொள்வோம். அது காசநோயால் வரும் நெறிக்கட்டி. சோதனையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். அப்போதும் இந்த 14,700 எதற்கு?

எல்லாவற்றையும் விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நாடி பார்த்துக் கட்டிக்குப் பெயர் சொல்பவரை நம்பாதீர்கள். ரசீது தராத இடத்தில் பணம் கொடுக்காதீர்கள். கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டி இரண்டு மூன்று வாரத்தில் வற்றாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்று காலையும் அழைத்தேன். ஐயா இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லையாம்.